ஐம்பது ரூபாய்க் குற்றம்

இந்தியாவில் ஒரு மாட்டையோ குதிரையையோ நாயையோ அடித்து, உதைத்து, தாங்க முடியாத பாரத்தை ஏற்றி வதைத்த ஒருவர், முதன்முறையாக நீதிமன்றத்தில் குற்றவாளி என்று முடிவு செய்யப்பட்டால், அவருக்கு விதிக்கப்படக்கூடிய உச்சபட்சத் தண்டனை 50 ரூபாய் அபராதம்; மனமிரங்கும் நீதிபதி அதை 10 ரூபாய் வரை குறைக்கவும் சட்டம் இடம் தருகிறது. மூன்று ஆண்டுகளுக்குள் அதே குற்றத்தை மீண்டும் செய்தவருக்கு மட்டுமே 25 முதல் 100 ரூபாய் வரையிலான அபராதமோ, மூன்று மாதங்கள் வரையிலான சிறையோ, இரண்டுமோ உண்டு. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவு, இன்றளவும் இப்படித்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் தலைக்கவசம் அணியாமல் இருசக்கர வாகனம் ஓட்டியவர் 2022 அக்டோபர் முதல் 1,000 ரூபாய் செலுத்துகிறார் என்பதை இதனருகே வைத்துப் பார்த்தால், வாயில்லா ஜீவனின் வலிக்கு அரசு போட்டிருக்கும் மதிப்பு எவ்வளவு கீழே கிடக்கிறது என்பது விளங்கும்.

இந்தத் தொகையை உயர்த்த வேண்டும் என்ற குரல் புதிதன்று. ஆனால் அந்தக் கோரிக்கை பெரும்பாலும் குற்றவாளிக்கு உரிய தண்டனை கிடைக்க வேண்டும் என்ற நியாயமான ஆத்திரத்தோடு நின்றுவிடுகிறது. குற்றவியல் சட்டத்தில் தண்டனையின் அளவு என்பது தீர்ப்பு நாளில் மட்டும் வேலை செய்வதில்லை. புகார் கொடுக்கப்பட்ட நிமிடத்திலேயே காவல் நிலைய அதிகாரி எழுந்து நடக்க வேண்டுமா, உட்கார்ந்தபடியே மனுவை வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. தண்டனை கடுமையாக வேண்டும் என்பதற்கான வலுவான காரணம் அங்கேதான் இருக்கிறது.

இச்சட்டம் பிறந்த கதையில் தமிழகத்துக்குப் பெரும் பங்குண்டு. மதுரையில் 1904இல் பிறந்து, 1936இல் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட பிறகு, 1890ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டத்துக்கு மாற்றாகத் தனிநபர் மசோதா ஒன்றை அங்கே கொண்டுவந்தார். அரசு முறைப்படி ஆராய்ந்து தானே ஒரு சட்டத்தைக் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததை ஏற்று அவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள, அதன் விளைவாக 1960 டிசம்பரில் இன்றைய சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின் கீழ் 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். 2018இல் ஹரியானாவுக்கு மாற்றப்படும் வரை அவ்வாரியத்தின் தலைமையகம் சென்னையிலேயே இருந்தது. விடுதலை பெற்ற நாடு விலங்கின் துன்பத்தைத் தனிச்சட்டத்துக்குரிய பொருளாகக் கருதத் தொடங்கியதில் அவருடைய உழைப்பு அளப்பரியது. ஆனால் அவர் கண்டு சென்ற 50 ரூபாய் உச்சவரம்பு, அவர் மறைந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆன பின்னும் அப்படியே நிற்பது, அவருக்குப் பின் வந்த நாடாளுமன்றங்களின் பொறுப்பின்மை.

சட்டத்தின் 11ஆம் பிரிவு வதையைப் பதினைந்து உட்பிரிவுகளாகப் பிரித்துச் சொல்கிறது. அடித்தல், நோயுற்ற விலங்கை வேலை வாங்குதல், துன்பம் தரும் முறையில் வண்டியில் ஏற்றிச் செல்லுதல், அசைய இடமில்லாத கூண்டில் அடைத்தல், குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைத்தல், உணவும் நீரும் தராதிருத்தல், வளர்த்த பின் கைவிடுதல், விலங்குகளை மோதவிட்டு வேடிக்கை பார்த்தல் எனப் பட்டியல் நீள்கிறது. வதையின் வடிவங்களை இவ்வளவு நுட்பமாகக் கண்டறிந்த சட்டம், தண்டனை என்று வரும்போது இவை அனைத்தையும் ஒரே 50 ரூபாய்க்குள் அடக்கிவிட்டது. நாய்க்குப் போதிய நடமாட்டம் தராத உரிமையாளரும், ஒரு நாயை உயிரோடு கொளுத்தியவரும் இச்சட்டத்தின் கண்ணில் ஒரே தட்டில் நிற்கிறார்கள்.

அதே சட்டத்துக்குள் கடுமையான தண்டனையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பால் சுரப்பைக் கூட்டுவதற்காகக் கறவை மாட்டின் பிறப்புறுப்புக்குள் காற்றையோ வேறு பொருளையோ செலுத்தும் ‘பூக்கா’ என்ற கொடிய வழக்கத்தையும், அதன் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசிகளையும் தடை செய்யும் 12ஆம் பிரிவில் 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழியுண்டு. அந்த விலங்கும் அரசுடைமையாகும். விலங்கை வதைத்தவருக்கு ஆண்டுக்கணக்கில் சிறை என்பது இச்சட்டத்தை எழுதியவர்களுக்கு அந்நியமான எண்ணமாக இருக்கவில்லை என்பதற்கு இப்பிரிவே சாட்சி. மனிதர் அருந்தும் பாலோடு தொடர்பில்லாத வலிகளுக்கு அந்த எண்ணம் நீளவில்லை.

எண் தீர்மானிக்கும் அதிகாரம்

இந்தியக் குற்றவியல் நடைமுறையில் குற்றங்கள் இரு வகைப்படும். பிடியாணை இல்லாமலே காவல்துறை கைது செய்து, நீதிபதியின் முன் அனுமதியின்றிப் புலன்விசாரணை நடத்தக்கூடியவை ஒரு வகை. நீதித்துறை நடுவரின் உத்தரவு கிடைத்த பிறகே காவல்துறை விசாரிக்கத் தொடங்கக்கூடியவை மற்றொரு வகை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், அதற்கு முந்தைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைப் போலவே, சிறப்புச் சட்டங்களின் கீழ் வரும் குற்றங்களைத் தண்டனையின் அளவைக் கொண்டே இவ்வாறு பிரிக்கிறது. அந்தச் சிறப்புச் சட்டமே வேறுவிதமாகச் சொல்லாதபோது, மூன்று ஆண்டுகளுக்குக் குறைந்த சிறையோ அபராதம் மட்டுமோ விதிக்கப்படும் குற்றம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதில் பிணை கேட்டுப் பெறும் உரிமையும் உண்டு. மூன்று ஆண்டுகள் முதல் ஏழு ஆண்டுகள் வரையிலான சிறைத்தண்டனை உள்ள குற்றமாக இருந்தால் காவல்துறை உடனே செயல்படலாம்; பிணை வழங்குவது நீதிமன்றத்தின் முடிவுக்கு விடப்படும். மூன்று ஆண்டுகள் ‘வரை’ சிறை என்று எழுதப்பட்ட குற்றமும் இந்தக் கடுமையான வகையையே சேரும் என்று 2022 மே மாதத்தில் பதிப்புரிமை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

தெருவில் ஒருவர் மாட்டின் மீது வெந்நீரை ஊற்றியதைக் கண்ட குடிமகன் காவல் நிலையத்துக்கு ஓடும்போது, முதல் தகவல் அறிக்கை பதிவாகாமல் வெறும் மனு ரசீதோடு அவர் திருப்பி அனுப்பப்படுவதற்குக் காவலரின் அலட்சியம் மட்டுமே காரணமன்று. தண்டனை 50 ரூபாயாக இருக்கும் குற்றத்தில் தானாகப் புலனாய்வு செய்ய அவருக்கே அதிகாரம் தரப்படவில்லை. விலங்கை ஊனமாக்குதல் அல்லது கொடூரமாகக் கொல்லுதல், விலங்குச் சண்டைக்கு இடம் அமைத்தல், அடைத்து வைத்த விலங்குகளை விடுவித்துச் சுடும் போட்டி நடத்துதல், பூக்கா ஆகியவற்றுக்கு மட்டும் 31ஆம் பிரிவு விலக்களித்து, பிடியாணையில்லாத கைதுக்கு வழிவிடுகிறது. அங்கும் ஒரு முரண் காத்திருக்கிறது: நஞ்சு வைத்தோ அடித்தோ ஒரு நாயைக் கொன்றவரைக் காவல்துறை கைது செய்து கொண்டுவரலாம், ஆனால் இச்சட்டப்படி மட்டும் வழக்கு நடந்தால் அவர் 50 ரூபாய் கட்டிவிட்டு வீடு திரும்பலாம். இவற்றோடு, குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் வழக்குத் தொடுக்காவிட்டால் அவ்வழக்கே செல்லாது என்கிறது 36ஆம் பிரிவு. உடற்கூறு ஆய்வும் நச்சுப் பரிசோதனையும் முடிந்து அறிக்கை வருவதற்குள் காலவரம்பு கடந்துபோவதற்கான வாய்ப்பை இதைவிட எளிதாக உருவாக்க முடியாது.

இந்த இடைவெளியை நிரப்பிவந்தது பொதுக் குற்றவியல் சட்டம்தான். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 10 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ இரண்டு ஆண்டுகள் வரையிலும், கால்நடைகளுக்கும் 50 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள பிற விலங்குகளுக்கும் ஐந்து ஆண்டுகள் வரையிலும் சிறை என்று வகுத்திருந்தது. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு, அந்த ரூபாய் மதிப்பை நீக்கி, எந்த விலங்கைக் கொன்றாலும் நஞ்சூட்டினாலும் ஊனமாக்கினாலும் ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்று பொதுவாக்கியிருக்கிறது. இது மனமாரப் பாராட்டத்தக்க முன்னேற்றம். ஆயினும் அப்பிரிவு நிற்கும் அடித்தளம் மாறவில்லை. அது சொத்துக்குக் கேடு விளைவித்தல் என்ற குற்றத்தின் ஒரு வகை. பொதுமக்களுக்கோ ஒரு நபருக்கோ இழப்பு ஏற்படுத்தும் எண்ணம் இருந்தது என்று காட்டுவதே அதன் தொடக்கப்புள்ளி. விலங்கு துடித்தது என்பதைக் காட்டிலும் அதற்கு உரியவர் இழந்தார் என்பதே அங்கே எடைபோடப்படுகிறது. கேட்பாரற்ற தெருநாய்க்கு உரியவர் யார் என்ற கேள்வியை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுப்ப இது இடம் தருகிறது. கன்றை இழந்த பசுவுக்காக மணியோசை கேட்டு வெளியே வந்த மனுநீதிச் சோழன், அந்தப் பசு யாருடையது என்று விசாரித்ததாகத் தமிழ் மரபு சொல்லவில்லை. அவருடைய சிலை நிற்கும் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இந்தக் கேள்வி எழுவது வேதனைக்குரியது.

புதிய சட்டத்தொகுப்பு ஒரு பாதுகாப்பைப் பறித்தும் இருக்கிறது. பழைய சட்டத்தின் 377ஆம் பிரிவில், வயது வந்தோரின் இசைவுள்ள உறவை 2018இல் உச்ச நீதிமன்றம் விலக்கிய பிறகும், விலங்குகள் மீதான பாலியல் வன்கொடுமை குற்றமாகவே நீடித்தது. அப்பிரிவு முழுவதும் புதிய தொகுப்பில் கைவிடப்பட்டதால், அவ்வகைக் கொடுமைக்கு இன்று பொதுக் குற்றவியல் சட்டத்தில் நேரடியான பிரிவு ஏதும் இல்லை. மரணமோ ஊனமோ நேராவிட்டால், எஞ்சுவது மீண்டும் அதே 50 ரூபாய்தான். தண்டனைச் சீர்திருத்தத்தில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாத பகுதி இது.

காட்டு விலங்குகளின் நிலை வேறு. 2021 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் மசினகுடியில், விடுதிப் பகுதிக்குள் வந்த யானை மீது தீப்பற்றிய பொருள் வீசப்பட்டு, காது கருகிய அந்த யானை சிகிச்சைக்குக் கொண்டுசெல்லும் வழியில் இறந்தபோது, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கைது நடவடிக்கைகள் உடனே தொடங்கின. முதல் அட்டவணையில் உள்ள விலங்குக்கு எதிரான குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை உண்டு. 2022ஆம் ஆண்டின் திருத்தம் அதன் குறைந்தபட்ச அபராதத்தையும் 25,000 ரூபாயாக உயர்த்தியது. ஆனால் 2016 ஜூலையில் சென்னையில் மாடியிலிருந்து ஒரு நாயைத் தூக்கி எறிந்து, அதைக் காணொளியாகவும் எடுத்த நிகழ்வில் நாடே கொதித்தபோதும், கைதானவர்கள் உடனே பிணையில் வெளியே வந்தார்கள். எரியும் தோலின் வலி யானைக்கும் உடையும் எலும்பின் வலி நாய்க்கும் வேறு வேறு அன்று. அட்டவணையில் இருப்பதும் இல்லாததும் அழிவின் விளிம்பைப் பொறுத்த பாகுபாடு. வலியைப் பொறுத்த சட்டம் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

நீதிமன்றம் சொன்னதும் அரசு எழுதியதும்

2014 மே 7ஆம் நாள் ஜல்லிக்கட்டு வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பசி தாகத்திலிருந்தும் அச்சத்திலிருந்தும் உடல் அசௌகரியத்திலிருந்தும் வலி, காயம், நோயிலிருந்தும் விடுபட்டிருத்தல், இயல்பான நடத்தைக்கு இடமிருத்தல் என்ற ஐந்து சுதந்திரங்களை இந்தியச் சட்டத்துக்குள் வாசித்ததோடு, மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் தண்டனைகள் குற்றத்தைத் தடுக்கும் வலுவற்றவை என்பதால் நாடாளுமன்றம் அவற்றைத் திருத்தும் என எதிர்பார்ப்பதாகவும் கூறியது. அத்தீர்ப்பின் ஜல்லிக்கட்டு தொடர்பான முடிவு பின்னர் மாறியது. ஜல்லிக்கட்டை அனுமதித்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தை 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு செல்லும் என்றது. ஆனால் தண்டனை போதாது என்ற கருத்தை எவரும் மறுக்கவில்லை.

2022 நவம்பரில் மத்தியக் கால்நடை பராமரிப்பு அமைச்சகம் ஒரு திருத்த மசோதாவின் வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது. கொடூர வதை என்ற தனி வகையை வரையறுத்து, அதற்கு 50,000 முதல் 75,000 ரூபாய் வரை அபராதமோ, ஓராண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ என்றும், கொலைக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்றும் அது முன்மொழிந்தது. விலங்குகள் மீதான பாலியல் கொடுமையையும் கொடூர வதைக்குள் சேர்த்தது. பல குற்றங்களில் காவல்துறை நேரடியாகச் செயல்படவும் வழிசெய்தது. கருத்துக் கேட்கும் காலம் 2022 டிசம்பர் 7இல் முடிந்துவிட்டது. மசோதா இன்னும் சட்டமாகவில்லை.

பிற நாடுகள் இந்தத் தயக்கத்தைக் கடந்துவிட்டன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆறு மாதங்களாக இருந்த உச்சபட்சச் சிறைத்தண்டனை 2021 ஜூன் 29 முதல் ஐந்து ஆண்டுகளாயிற்று. குற்றத்தை முன்கூட்டியே ஒப்புக்கொள்வோருக்கு மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பதால், அதற்கு முன் மிகக் கொடிய வழக்கிலும் நான்கு மாதங்களுக்கு மேல் விதிக்க முடியாமல் நீதிபதிகள் தவித்தார்கள். தமிழர்கள் கணிசமாக வாழும் மலேசியாவில், 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 20,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதத்தையும் மூன்று ஆண்டுகள் வரை சிறையையும் வகுத்திருக்கிறது. அமெரிக்காவின் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பு (எஃப்.பி.ஐ.), விலங்கு வதை மனிதர் மீதான வன்முறையோடு சேர்ந்தே காணப்படுகிறது என்பதை உணர்ந்து, 2016 முதல் அதைத் தனிக் குற்றவகையாகக் கணக்கெடுக்கிறது. வீட்டில் நாயின் மீது விழும் அடி அடுத்து யார் மீது விழும் என்பதை அறிந்த குடும்பங்கள் நம் நாட்டிலும் உண்டு.

கடுமை யாருக்கு எதிராக?

தண்டனையை உயர்த்துவதற்கு எதிரான வாதங்களில் இரண்டு உண்மையிலேயே கனமானவை. மாட்டுவண்டியில் மணலோ நெல்லோ ஏற்றிப் பிழைப்பவரும், தீவனம் வாங்க வழியில்லாத சிறு விவசாயியும் இச்சட்டத்தின் வலைக்குள் எளிதில் சிக்குவார்கள் என்பது முதலாவது. கால்நடைகளை ஏற்றிச் செல்லும் வாகனங்களைத் தனியார் கும்பல்கள் மறித்துத் தாக்கும் நாட்டில், வதைத் தடுப்புச் சட்டம் ஒரு சமூகத்தாரின் தொழிலுக்கும் உணவுக்கும் எதிரான ஆயுதமாக மாறக்கூடும் என்பது இரண்டாவது. 2017 மே மாதத்தில் இச்சட்டத்தின் கீழ் வெளியிடப்பட்ட கால்நடைச் சந்தை விதிகள், இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்பதைத் தடுத்தபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே ஒரு வாரத்துக்குள் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது என்பது இந்த அச்சம் கற்பனையன்று என்பதைக் காட்டும்.

இவ்விரண்டுக்கும் விடை, வதையைத் தரம் பிரித்து வரையறுப்பதில் இருக்கிறது. வறுமையால் விளையும் கவனக்குறைவுக்கு எச்சரிக்கையும் கால்நடை மருத்துவ உதவியும் போதும். வேண்டுமென்றே வலியூட்டி மகிழ்வதற்கும், வலியை இலாபமாக்குவதற்கும்தான் சிறை வேண்டும். அப்படிப் பிரித்தால், சட்டம் வண்டிக்காரரை விட்டுவிட்டுப் பெருந்தொழிலின் பக்கம் திரும்பும் துணிவையும் பெற வேண்டியிருக்கும். முட்டை உற்பத்திக்குப் பெயர்பெற்ற நாமக்கல் உட்பட நாடு முழுவதும் பரவியுள்ள கம்பிக் கூண்டு முறையில், ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாளின் பரப்பைவிடக் குறைவு. சிறகை விரிக்க அங்கே வழியில்லை. அசைய இடமில்லாத கூண்டு 11ஆம் பிரிவின்படி குற்றம். இந்தியச் சட்ட ஆணையம் 2017 ஜூலையில் அளித்த 269ஆம் அறிக்கையை முழுவதுமாகக் கோழி வளர்ப்புக்கே ஒதுக்கியும் நிலைமை பெரிதாக மாறவில்லை. இலட்சக்கணக்கில் வரவு பார்க்கும் பண்ணைக்கு 50 ரூபாய் என்பது தண்டனையே அன்று, அனுமதிச் சீட்டு.

தண்டனையின் கடுமையைவிட அது தப்பாமல் கிடைக்கும் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764இலேயே எழுதினார். இதைச் சொல்லித் தண்டனை உயர்வைத் தேவையற்றதாக ஆக்குவோர், இந்திய நடைமுறையில் அந்த உறுதியே தண்டனையின் அளவால்தான் திறக்கிறது என்பதைக் காணத் தவறுகிறார்கள். அதே வேளையில், இருக்கும் கருவிகளையும் பயன்படுத்த வேண்டும். நேரடியாக விசாரிக்கத்தக்க ஒரு குற்றம் வழக்கில் இருந்தால் மற்றவற்றையும் காவல்துறை சேர்த்தே விசாரிக்கலாம் என்பது நடைமுறைச் சட்டத்தின் விதி. ஆகவே காயமோ மரணமோ நேர்ந்த வதைகளில் 325ஆம் பிரிவையும் சேர்த்துப் பதியுமாறு புகாரளிப்பவர் வற்புறுத்தலாம். குற்றவாளி இனி எந்த விலங்கையும் வைத்திருக்கக் கூடாது என்று தடை விதிக்கும் அதிகாரத்தை 29ஆம் பிரிவு நீதிமன்றங்களுக்கு ஏற்கெனவே தந்திருக்கிறது. 50 ரூபாயைவிடப் பன்மடங்கு வலுவான அந்த உத்தரவை அரசு வழக்கறிஞர்கள் கேட்டுப் பெற வேண்டும். மாவட்டந்தோறும் வதைத் தடுப்புச் சங்கம் அமைய வேண்டும் என்ற 2001ஆம் ஆண்டு விதியும் ஏட்டில் உறங்கக் கூடாது.

டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் தமிழ்நாட்டுக்கு இல்லை. விலங்கு வதைத் தடுப்பு அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மூன்றாம் பட்டியலின் 17ஆம் பதிவாக, அதாவது மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. மாநிலத்தின் திருத்தம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றால் அந்த மாநிலத்துக்குள் மத்தியச் சட்டத்தையும் மீறி நிற்கும். 2017 ஜனவரி 23 அன்று சட்டமன்றம் ஒரே நாளில் இதே சட்டத்தைத் திருத்தி, அம்மாத இறுதிக்குள் ஒப்புதலும் பெற்றது. அதே ஆண்டில் மகாராஷ்டிரம் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கான தன் திருத்தத்தில், விதிகளை மீறி விலங்குக்குத் துன்பம் இழைப்போருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ மூன்று ஆண்டுகள் வரை சிறையோ என்று வகுத்து, மாநிலமே தண்டனையை உயர்த்த முடியும் என்பதையும் காட்டிவிட்டது. காளையின் பெயரால் ஒன்றுகூடிக் கைதூக்கிய சட்டமன்றம், கொடூர வதைக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும், வழக்குத் தொடுக்க மூன்று மாதங்களுக்குப் பதிலாக மூன்று ஆண்டுகள் அவகாசமும், பாலியல் வன்கொடுமைக்குத் தனிப் பிரிவும் கொண்ட ஒரு திருத்த மசோதாவை அடுத்த கூட்டத்தொடரிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்; அதைத் தங்கள் தொகுதி உறுப்பினரிடம் எழுத்து மூலம் கேட்பது வாக்காளர்களின் உரிமை.